டிஸ்ப்ளே வரவில்லை, எதுவரை வந்தது?

அமரவிளைப் பக்கம் ஒரு வீட்டில் புதுக் கணினி ஒன்றைப் பூட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மதர்போர்டு திருவனந்தபுரத்தில் வாங்கியது, கேபினட் நாகர்கோவிலில் வாங்கியது, செயலியும் ராமும் கூரியரில் வந்தவை. எல்லாவற்றையும் மாட்டிப் பொத்தானை அழுத்தியதும் ஃபேன் சுழல்கிறது. மதர்போர்டில் வண்ண விளக்குகள் எரிகின்றன. மானிட்டரில் மட்டும் ‘நோ சிக்னல்’ என்று வந்து, கொஞ்ச நேரத்தில் அதுவும் அணைந்துவிடுகிறது. கணினி பூட்டிப் பழகியவர்கள் எல்லோரும் அறிந்த வாக்கியம் அடுத்து வரும்: “எல்லாம் ஓடுது, டிஸ்ப்ளேதான் வரல.”

சென்னை ரிச்சி தெருவில் கடை வைத்திருப்பவர் இதைக் கேட்டால் பக்கத்து மேசையிலிருந்து வேறொரு ராமை எடுத்து மாட்டிப் பார்ப்பார். சரிவராவிட்டால் வேறொரு எஸ்எம்பிஎஸ். சீக்கிரமே விடை கிடைத்துவிடும். ஒவ்வொரு பாகமும் ஒன்றே ஒன்று இருக்கிற வீட்டில் அந்த வழி இல்லை. அங்கே யோசித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கேரளத்தில் 2018 முதல் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் நடக்கிற ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்களில் வன்பொருளும் ஒரு பாடம். அதனால் நெய்யாற்றின்கரை வட்டாரத்துப் பிள்ளைகள் பலருக்குப் பாகங்களின் பெயர் புதிதல்ல. அவை எந்த வரிசையில் விழிக்கின்றன என்று தெரிந்துவிட்டால், மாற்றுப் பாகம் கையில் இல்லாமலே பாதிக் குற்றவாளிகளை விடுவித்துவிடலாம்.

முதலில் அந்த வாக்கியத்தையே சந்தேகிக்க வேண்டும். ‘எல்லாம் ஓடுது’ என்பது உண்மையாக இருக்கத் தேவையில்லை. ஃபேன் சுழல்வதும் விளக்கு எரிவதும் கணினி வேலை செய்வதன் அடையாளங்கள் அல்ல, மின்சாரம் ஓர் இடம்வரை வந்துவிட்டது என்பதன் அடையாளங்கள் மட்டுமே. படமோ, மிக நீண்ட ஒரு வரிசையின் கடைசியில் வருவது.

நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் போகிற சரக்கு லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை தாண்டி அமரவிளைச் சோதனைச் சாவடிக்கு வரும். ஜிஎஸ்டி வந்த 2017 ஜூலைக்கு முன் இந்தச் சாலையில் விற்பனை வரிக்கும் லாரிகள் நின்று காகிதம் காட்ட வேண்டியிருந்தது. லாரி வந்து சேரவில்லை என்றால், பாலராமபுரத்தில் காத்திருப்பவர் எஞ்சினைப் பற்றியும் டயரைப் பற்றியும் யோசிப்பதற்கு முன் ஒரு போன் போட்டுக் கேட்பது, “களியக்காவிளை தாண்டியாச்சா? அமரவிளையில நிக்குதா?” கணினிக்கும் அதே கேள்விதான். எது கெட்டது என்று தொடங்கினால் ஏழெட்டுப் பாகமும் சந்தேகத்துக்கு உரியவை. எந்தச் சாவடிவரை வந்தது என்று தொடங்கினால் சந்தேகம் ஒன்றிரண்டில் வந்து நிற்கும்.

முதல் சாவடி மின்சாரம். எஸ்எம்பிஎஸ் என்று நாம் சொல்லும் மின்வழங்கி, பொத்தானை அழுத்துவதற்கு முன்பே 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் ஒன்றை மதர்போர்டுக்குத் தந்துகொண்டிருக்கிறது. கணினி அணைந்திருக்கும்போதும் சில போர்டுகளில் விளக்கு எரிவது இதனால்தான். பொத்தான், மதர்போர்டுக்குச் சொல்கிறது. மதர்போர்டு, பச்சைக் கம்பி வழியாக மின்வழங்கியை எழுப்புகிறது. அது 12, 5, 3.3 வோல்ட்டுகளை உண்டாக்கி, அவை தடுமாறாமல் நிலைத்தபின் சாம்பல் நிறக் கம்பியில் ‘மின்சாரம் நலம்’ என்று ஒரு சமிக்ஞை அனுப்புகிறது. இன்டெல் 1995-ல் வகுத்த ஏடிஎக்ஸ் நெறி, மின்னழுத்தம் நிலைத்தபின் குறைந்தது பத்தில் ஒரு நொடி, அதிகம் அரை நொடிக்குள் இது வர வேண்டும் என்கிறது. அதுவரை மதர்போர்டு செயலியைத் தட்டி எழுப்பாது.

இங்கேதான் புதிதாகப் பூட்டியவர்களை அதிகம் ஏமாற்றுகிற இடம் இருக்கிறது. ஃபேனுக்கு வேண்டிய 12 வோல்ட், 24 முனைகள் கொண்ட பெரிய இணைப்பு வழியாகவே வந்துவிடுகிறது. செயலிக்கு வேண்டியது வேறு வழியில் வருகிறது. மதர்போர்டின் மேல்மூலையில், செயலிக்குப் பக்கத்தில் இருக்கும் 8 முனை இணைப்புதான் அது. செயலி ஏறத்தாழ 1 வோல்ட்டில் இயங்குகிறது. 100 வாட் இழுக்கிற செயலிக்கு 1 வோல்ட்டில் 100 ஆம்பியர் வேண்டும். 230 வோல்ட்டில் 5 கிலோவாட் இழுக்கும் ஒரு வீடு முழுவதற்கும் 22 ஆம்பியர்தான் ஆகிறது. அந்த 100 ஆம்பியரைத் தூரத்திலிருந்து கம்பியில் கொண்டுவர முடியாது. அதனால் 12 வோல்ட்டாகவே செயலியின் அருகில் கொண்டுவந்து, அங்கே 1 வோல்ட்டாக இறக்குகிறார்கள். அந்த 8 முனைக் கம்பியை மாட்ட மறந்துவிட்டால் ஃபேன் சுழலும், விளக்கு எரியும், செயலி மட்டும் உறங்கிக்கொண்டிருக்கும். கேபினட்டின் பின்பக்கமாகக் கம்பி இழுத்து மேல்மூலைக்குக் கொண்டுவருவது கடினம் என்பதால் பலர் ‘அப்புறம் மாட்டலாம்’ என்று விட்டுவிடுகிறார்கள். டிஸ்ப்ளே வராத புதுக் கணினியில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஃபேன் அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிட்டால் கதை வேறு. எங்கோ குறுக்குச்சுற்று இருக்கிறது, மின்வழங்கி தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிட்டது என்று பொருள். மதர்போர்டுக்கு அடியில் தேவையில்லாத இடத்தில் ஒரு பித்தளைத் தாங்கி நின்றாலே இது நேரும்.

இரண்டாவது சாவடியில் செயலி விழிக்கிறது. விழித்ததும் அதற்கு ஒன்றும் தெரியாது. ஹார்ட் டிஸ்க் என்று ஒன்று இருப்பதும் தெரியாது, ராம் எவ்வளவு என்பதும் தெரியாது. தெரிந்தது ஒரே ஒரு முகவரி. அந்த முகவரியில் இருக்கும் கட்டளையை எடுத்துச் செய் என்பது அதன் பிறவிக் குணம். 1978-ல் வந்த இன்டெல் 8086, தனக்கு எட்டிய 10 லட்சத்துச் சொச்சம் முகவரிகளின் உச்சியிலிருந்து 16 பைட் கீழே அந்தக் கட்டளையைத் தேடியது. இன்றைய இன்டெல் செயலியும் 4 ஜிகாபைட்டின் உச்சியிலிருந்து அதே 16 பைட் கீழேதான் தேடுகிறது. அங்கே அதற்குக் கிடைப்பது மதர்போர்டில் இருக்கும் நகம் அளவுச் சில்லு ஒன்றில் எழுதிவைத்த நிரல். பழைய பெயர் பயோஸ். பொதுப்பெயராக நிலைபொருள் எனலாம். மின்சாரம் போனாலும் அழியாமல் நிலைத்திருப்பது அது.

இந்த நிலைபொருள் தன் முன் இருக்கும் செயலியை அடையாளம் காணத் தெரிந்ததாக இருக்க வேண்டும். ஏஎம்டியின் பி450 வகை மதர்போர்டுகள் 2018-ல் வந்தன, ரைசன் 5000 செயலிகள் 2020-ல் வந்தன. இரண்டும் ஒரே சாக்கெட்டில் பொருந்தும். ஆனால் கிடங்கில் கிடந்த பழைய போர்டின் நிலைபொருளுக்குப் பின்னால் பிறந்த செயலியைத் தெரியாது. எந்தப் பாகமும் கெடவில்லை, எந்தக் கம்பியும் விடுபடவில்லை, இருந்தாலும் திரை இருட்டு. இதற்காகவே சில போர்டுகளின் பின்புறம் ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். யுஎஸ்பி குச்சியில் புதிய நிலைபொருளைப் போட்டுச் செருகி அழுத்தினால், செயலியின் உதவி இல்லாமலே ஒரு சிறு கட்டுப்பாட்டுச் சில்லு அதை எழுதிவிடும். போர்டு வாங்கும்போதே எந்தப் பதிப்பு நிலைபொருள் இருக்கிறது என்று கடையில் கேட்பது நல்லது.

மூன்றாவது சாவடி ராம் என்கிற நினைவகம். என் கணிப்பில் மொத்தப் பயணத்திலும் வியப்பான இடம் இதுதான். நிலைபொருள் ஓடத் தொடங்கும் நேரத்தில் ராம் இன்னும் பயன்படும் நிலையில் இல்லை. எழுதிப் படிக்க இடம் இல்லாமல் நிரல் எப்படி ஓடும்? இன்டெல் கணினிகளில், செயலிக்குள்ளேயே இருக்கும் கேஷ் என்ற சிறு நினைவகத்தைத் தற்காலிக ராமாக வைத்துக்கொண்டு, உண்மையான ராமை எழுப்புகிற வேலையை நிலைபொருள் செய்கிறது. ஏஎம்டி ரைசனில் இன்னும் விசித்திரம். முதன்மைச் செயலி உறங்கிக்கொண்டிருக்கும்போதே அதே சில்லுக்குள் இருக்கும் ஒரு குட்டிச் செயலி ராமை எழுப்பி முடித்துவிடுகிறது.

எழுப்புவது என்றால் என்ன? டிடிஆர்5-6000 வகை ராமில் ஒவ்வொரு கம்பியிலும் நொடிக்கு 600 கோடி பிட்டுகள் போகின்றன. ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியை 600 கோடிப் பங்காக்கியதில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் வெற்றிடத்தில் ஒளியே 5 சென்டிமீட்டர்தான் நகரும். மதர்போர்டின் செப்புத் தடத்தில் சமிக்ஞை அதில் ஏறத்தாழ பாதித் தூரம்தான் போகும். ஆக, ஒரு தடம் மற்றதைவிடச் சில மில்லிமீட்டர் நீளமாக இருந்தாலும் பிட்டுகள் முன்பின்னாக வந்து சேரும். ஒவ்வொரு போர்டும் ஒவ்வொரு ராமும் சற்றே வேறுபடும் என்பதால், தொழிற்சாலையிலேயே கணக்குப் போட்டு அனுப்ப முடியாது. கணினி தானே, ஒவ்வொரு கம்பியிலும் தெரிந்த ஒரு வரிசையை அனுப்பிப் பார்த்து, தவறு வந்தால் நேரத்தை ஒரு துளி முன்னும் பின்னும் நகர்த்தி, தவறே வராத நடுப்புள்ளியைத் தேடிப் பிடிக்கிறது. இதை நினைவகப் பயிற்சி என்கிறார்கள்.

இந்தப் பயிற்சி நடக்கும் நேரம் முழுவதும் திரை இருட்டாகத்தான் இருக்கும். 2022 செப்டம்பரில் வந்த ஏஎம்டி ஏஎம்5 போர்டுகளில், நிறைய ராம் போட்டவர்களுக்கு முதல்முறை இது பல நிமிடங்கள் எடுத்தது. அரை நிமிடம் பார்த்துவிட்டு ‘டிஸ்ப்ளே வரல’ என்று அணைத்தால், அடுத்த முறை பயிற்சி மறுபடி முதலிலிருந்து. திரும்பத் திரும்ப அணைப்பவருக்கு நல்ல கணினியும் செத்த கணினியாகத்தான் தெரியும். டிடிஆர்5 கணினியை முதன்முதல் போடும்போது கால் மணி நேரம் தொடாமல் விடுங்கள். நிலைபொருளைப் புதுப்பித்த பிறகும் ராமை மாற்றிய பிறகும் அப்படியே.

நான்கு ராம் இருக்கைகள் உள்ள போர்டில் இரண்டு ராம் போடும்போது செயலியிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இருக்கைகளில் போடச் சொல்வதும் இதே காரணத்தால்தான். பெரும்பாலான போர்டுகளில் ஒவ்வொரு ஜோடி இருக்கையிலும் தடம் முதல் இருக்கையைத் தொட்டு இரண்டாவதில் முடிகிறது. ஜோடியின் கடைசி இருக்கை காலியாக இருந்தால் சமிக்ஞை அந்த வெறும் முனையில் மோதித் திரும்பி, பின்னால் வரும் பிட்டுகளைக் குழப்பும்.

நான்காவது சாவடி படம். நிலைபொருள் கிராபிக்ஸ் அட்டையைத் தேடுகிறது, அட்டையில் இருக்கும் அதன் சொந்த நிலைபொருளை ஓட்டுகிறது. பிறகு கேபிள் வழியாக மானிட்டரிடம், உன்னால் எந்த அளவுப் படங்களைக் காட்ட முடியும் என்று கேட்கிறது. மானிட்டர் தன் குறிப்பை ஒரு சிறு அட்டவணையாகத் திருப்பி அனுப்புகிறது. அதன் அடிப்படை வடிவம் 128 பைட். 1994 முதல் இருக்கும் ஏற்பாடு இது. இவ்வளவும் முடிந்தபின்தான் முதல் எழுத்து திரையில் வரும்.

இந்தச் சாவடியில் நேர்கிற பெரும்பாலான தடங்கல், கேபிளைத் தவறான துளையில் செருகுவது. மதர்போர்டின் பின்புறம் இருக்கும் எச்டிஎம்ஐ துளை, செயலிக்குள் கிராபிக்ஸ் இருந்தால் மட்டுமே உயிருள்ளது. ஐ5-12400எஃப் போல எஃப் என்று முடியும் இன்டெல் செயலிகளில் அது இல்லை. ரைசன் 5 5600-ல் இல்லை, 5600ஜி-யில் உண்டு. செயலியில் கிராபிக்ஸ் இருந்தாலும், தனி அட்டை மாட்டியதும் பல போர்டுகள் மதர்போர்டுத் துளையை அணைத்துவிடும். அட்டை இருந்தால் கேபிள் அட்டையில்தான். கூடவே, பெரிய அட்டைகளுக்கு மின்வழங்கியிலிருந்து தனிக் கம்பி வேண்டும் என்பதையும் பார்த்துவிடலாம். மானிட்டர் ‘நோ சிக்னல்’ என்று காட்டினால் மானிட்டர் உயிரோடு இருக்கிறது என்று ஆறுதல் கொள்ளலாம்.

சரி, திரையே இல்லாதபோது கணினி எந்தச் சாவடியில் நிற்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? இந்தக் கேள்வியை முதல் ஐபிஎம் பிசியை வடிவமைத்தவர்களும் கேட்டுக்கொண்டார்கள். 1981 ஆகஸ்டில் வந்த அந்தக் கணினி, போட்டதும் தன்னைத் தானே சோதித்துக்கொண்டது. எல்லாம் சரி என்றால் ஒரு குறுகிய பீப் ஒலி, வேறு பீப் வரிசைகள் வேறு கோளாறுகளுக்கு. படம் காட்ட முடியாதபோதும் ஒலி எழுப்ப முடியும் என்பதே எண்ணம். 1984-ல் வந்த ஐபிஎம் ஏடி இன்னும் ஒரு படி போனது. சோதனையின் ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண்ணை 80 என்ற பதினறும எண்ணுள்ள வாயிலுக்கு அனுப்பியது. அந்த வாயிலைப் பார்க்கும் அட்டை ஒன்றைச் செருகினால் இரண்டு இலக்கத்தில் எண்கள் ஓடும், நின்ற எண்ணே நின்ற இடம். இன்றும் பழுதுபார்ப்பவர்கள் அந்த அட்டையைப் பயன்படுத்துகிறார்கள். விலையுயர்ந்த போர்டுகளில் அது உள்ளேயே வருகிறது.

நடுத்தர போர்டுகளில் நான்கு குட்டி விளக்குகள் இருக்கும்: சிபியு, டிராம், விஜிஏ, பூட். போட்டதும் வரிசையாக எரிந்து அணையும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் பயணம் நின்றது. டிராம் விளக்கு நிற்கிறது என்றால் மின்சாரம், செயலி, நிலைபொருள் மூன்றும் ஓரளவு வேலை செய்கின்றன என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். பூட் விளக்கு நிற்பது நல்ல செய்தி. படச் சாவடியைத் தாண்டி, விண்டோஸ் இருக்கும் வட்டைத் தேடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போதும் திரை இருட்டு என்றால் கேபிளையும் மானிட்டரையும் பாருங்கள், செயலியைக் கழற்ற வேண்டாம். விளக்கே இல்லாத மலிவான போர்டில் கீபோர்டின் நம்லாக் பொத்தானை அழுத்தலாம். அதன் விளக்கு அணைந்து எரிந்தால், உள்ளே ஒரு நிரல் ஓடி அந்த விசைக்குப் பதில் சொல்கிறது. ராம் எழாமல் அது நடக்காது. பதில் வராவிட்டால் இதிலிருந்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது, பதில் வந்தால்தான் சான்று.

அடுத்தது குறைத்துப் பார்ப்பது. மதர்போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வையுங்கள். கேபினட்டின் உலோகமும் தாங்கிகளும் அதோடு சந்தேகப் பட்டியலிலிருந்து நீங்கின. மின்வழங்கி, போர்டு, செயலி, அதன் ஃபேன், ஒரே ஒரு ராம். வட்டு வேண்டாம். செயலியில் கிராபிக்ஸ் இருந்தால் அட்டையும் வேண்டாம். பொத்தானுக்குப் பதில், போர்டில் அதன் கம்பி மாட்டும் இரண்டு ஊசிகளையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டால் போதும். படம் வந்துவிட்டால், ஒவ்வொன்றாகச் சேருங்கள். எதைச் சேர்த்ததும் நின்றதோ அது. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது காரணம் என்று ஒருநாளும் தெரியாது. பாகத்தைக் கையிலெடுக்கும் முன் உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்னை இறக்கிவிட வேண்டும். நம் ஊர் ஈரக் காற்றில் டெல்லிக் குளிர்காலத்தைப் போல நிலைமின் சேராது, என்றாலும் சில்லுக்கு அது தேவையில்லாத சோதனை.

டிராம் விளக்கு நிற்கும்போது இரண்டு ராமும் இரண்டு இருக்கையும் இருந்தால் மாற்றுப் பாகமே இல்லாமல் தீர்ப்பு எழுதலாம். முதல் ராமை இரு இருக்கையிலும், இரண்டாவதை இரு இருக்கையிலும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். முதல் ராம் இரு இடத்திலும் தோற்று, இரண்டாவது இரு இடத்திலும் வென்றால் குற்றம் முதல் ராமில். ஒரு குறிப்பிட்ட இருக்கையில் இரண்டு ராமும் தோற்றால் குற்றம் அந்த இருக்கையின் பக்கம். நான்கு சோதனையும் தோற்றால் இரண்டு ராமும் ஒரே நேரத்தில் கெட்டிருப்பது அரிது, வேறிடம் தேட வேண்டும். ராமைக் கட்டுப்படுத்தும் சுற்று முன்பு மதர்போர்டில் இருந்தது. ஏஎம்டி 2003-லும் இன்டெல் 2008-லும் அதைச் செயலிக்குள் கொண்டுபோய்விட்டார்கள். அதனால் செயலியின் சாக்கெட்டில் ஓர் ஊசி வளைந்திருந்தாலும் விளக்கு ராமைத்தான் காட்டும். இன்டெல்லின் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் 1700 ஊசிகள். நல்ல வெளிச்சத்தில், பல கோணங்களில் போன் கேமராவில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால், வரிசை கலைந்த ஊசி தனித்துத் தெரியும்.

நான்கும் வென்றுவிட்டால், அதாவது கழற்றி மாட்டியதும் எல்லாம் சரியாகிவிட்டால், ராம் முன்பு சரியாக அமரவில்லை என்பதே பெரும்பாலும் விடை. இரு முனையும் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும்வரை அழுத்த வேண்டும். சில போர்டுகளில் ஒரு முனையில் மட்டுமே பூட்டு அசையும், மறுமுனை அமராமல் போனது கண்ணுக்குத் தெரியாது.

படம் வந்த மகிழ்ச்சியில் அடுத்து எல்லோரும் செய்வது, ராமின் பெட்டியில் அச்சிட்ட வேகத்தைக் கொடுக்க எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்குவது. திரை மறுபடி இருண்டுவிடலாம். பயப்பட வேண்டியதில்லை, புது வேகத்துக்குப் பயிற்சி மறுபடி நடக்கிறது. அந்த வேகம் ஒத்துவராவிட்டால் போர்டு சில முறை முயன்று, பழைய வேகத்துக்குத் தானே திரும்பும். திரும்பாவிட்டால் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, போர்டில் சிமாஸ் அழிப்புக்கென்று குறித்திருக்கும் இரண்டு ஊசிகளைச் சில நொடிகள் இணைக்க வேண்டும். அல்லது சிஆர்2032 என்ற நாணய வடிவ பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடங்கள் விட்டு மாட்ட வேண்டும். அமைப்புகள் அழிந்து போர்டு முதல் நாள் நிலைக்கு வரும், ராம் தன் அடிப்படை வேகத்தில் எழும். அடுத்த முறை பெட்டியில் அச்சிட்டதைவிட ஒரு படி குறைவான வேகத்தைக் கொடுத்துப் பாருங்கள்.